வாய் திறந்த வித்தைக்காரி

“அமெரிக்கக் கூத்தாடிப் பெண்ணொருத்தியைப் பற்றி நமது ஏட்டிலே எழுதித்தான் ஆகவேண்டுமா?” என்று படிப்பகத்துத் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். கேட்டவர் இளைஞர், கோபக்காரர், நல்லவர். கூத்தாடிகள் என்று யார் யாரை, எதற்காக ஏசினார்கள் என்பதை அவர் நினைவிலே வைத்திருந்தால் அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாக உதிர்த்திருக்க மாட்டார். நாடக மேடையை அறிவு பரப்பும் கருவியாக்கியவர்களின் வழியிலே வந்தவர்கள் நாம். கூத்து நமக்கு இழிவல்ல. ஆகவே எழுதுகிறோம்.

அம்மையாரின் பெயர் கேத்தி ரிக்பி. 1952ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் பிறந்தவர். வளர்ந்தது தெற்குக் கலிஃபோர்னியாவில். குறைமாதப் பிள்ளை, நுரையீரல் நலிந்தே பிறந்தவர். இளமையிலே மூச்சுக்கே திண்டாடிய அந்தக் குழந்தையை நம் ஊர்ப் பாட்டிமார்கள் கண்டிருந்தால், “தலையெழுத்து” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போயிருப்பார்கள். தலையிலே எழுத்து எதுவும் இல்லை, தோழர்களே. அந்தக் குழந்தை குதித்தது, உருண்டது, தலைகீழாக நின்றது; பத்துப் பதினோரு வயதிலே ஜிம்னாஸ்டிக் எனும் சீருடற்கலையைப் பயிலத் தொடங்கியது. 15 வயதில், 1968இல், மெக்சிகோ நகரத்து ஒலிம்பிக் களத்திலே அமெரிக்காவுக்காக நின்றது. அந்நாட்டு மங்கையருள் அவ்வாண்டு முதலிடம் பெற்றவர் அவரே. உலக வரிசையில் 16ஆவது இடம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, யுகோஸ்லாவியாவாக அப்போதிருந்த நாட்டின் லுப்லியானா நகரிலே உலகப் போட்டி. சமநிலைக் கட்டையிலே வெள்ளிப் பதக்கம் பெற்றார். உலகச் சாம்பியன் போட்டியில் பதக்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. அந்தக் கட்டையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அகலம் 10 சென்டிமீட்டர். நம் உள்ளங்கையைக் காட்டிலும் சற்றே பெரிது. நீளம் 5 மீட்டர். தரையிலிருந்து மார்பளவு உயரம். அதன்மேல் நடப்பதே நமக்கு அச்சம். அவர் அதன்மேல் புரண்டார், தாவினார், கரணமடித்தார், சிரித்தபடியே இறங்கினார்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் நாம் பேசவேண்டும்.

பெண்களுக்கான சீருடற்கலையிலே தரைப்பயிற்சி என்று ஒரு பகுதி உண்டு. ஒன்றரை மணித்துளிக்குள் அடங்கும் ஆட்டம். ரிக்பி ஆடிய நாட்களில் ஆண்களுக்கு அதிலே இசை கிடையாது, பெண்களுக்கு உண்டு. பெரும்பாலும் பியானோ. ஆண் தன் வலிமையைக் காட்டினால் போதும். பெண்ணோ வலிமையைக் காட்ட வேண்டும், அதேவேளையில் அது வலிமை என்று தெரியாதபடி இசையிலே மூடியும் வைக்கவேண்டும்! இதிலே மற்றொரு விதியும் உண்டு: அந்த இசையிலே சொற்கள் இருத்தலாகாது. பெண்ணின் உடல் பேசலாம். சொல் மட்டும் வரலாகாது. விதி வகுத்தவர்கள் இதை எண்ணித்தான் வகுத்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. நடுவர்களின் வசதிக்காக வகுத்திருக்கலாம். ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி ஆண்டுக்கணக்கிலே வாயை மூடிச் சிரித்துக்கொண்டு இசைக்கு ஆடியதன் விளைவு என்ன என்பதை விதிப் புத்தகத்திலே காண முடியாது.

நாம் சிறுவராயிருந்தபோது எங்கள் ஊர்ச் சந்தைக்குக் கழைக்கூத்தாடிக் குடும்பம் ஒன்று வரும். தாய் மேளம் அடிப்பாள். எட்டு வயது மகள் கயிற்றிலே நடப்பாள். கீழே நின்றோர் வாய் பிளந்து பார்ப்பர், காசு வீசுவர், போய்விடுவர். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசி நாம் கேட்டதில்லை. அவளைப் பேசச் சொன்னவரும் இல்லை. வறுமை அவளைக் கயிற்றிலே ஏற்றியது. வளம் நிறைந்த நாட்டிலே புகழ் ரிக்பியைக் கட்டையிலே ஏற்றியது. இரண்டும் ஒன்றே என்று சொல்வது அநீதி. ஒருத்திக்குச் சோறு இல்லை, மற்றொருத்திக்குச் சோறு உண்டு. ஆயினும் சோறு இருந்த பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்று கேளுங்கள்.

உண்டதை வாந்தியெடுக்கும் நோய் அவரைப் பற்றிக்கொண்டது. புலிமியா என்பர். எடை கூடலாகாது, சிறுமியின் உடலே சிறந்த உடல், வளர்வதே குற்றம் என்ற எண்ணம் அக்கலையின் களங்களிலே அன்று ஆட்சி செய்தது. பருவம் வந்து உடல் வளருவது இயற்கை. இயற்கையோடு போர் தொடுத்தால் தோற்பது உடலே. அளவுக்கு மீறி உண்பது, அஞ்சி அதை வெளியேற்றுவது, மறுபடி உண்பது. இந்தச் சுழலிலே உடலின் பொட்டாசியம் குறையும். பொட்டாசியம் குறைந்தால் இதயத்தின் துடிப்பு தடம் புரளும். பன்னிரண்டு ஆண்டுகள் அவர் இதிலே உழன்றார். இருமுறை உயிருக்கே ஆபத்தான நிலையில் மருத்துவமனை சேர்ந்தார். இவற்றை ஊரார் புறம் பேசி நாம் அறியவில்லை. அவரே பின்னாளில் மேடையேறி வெளிப்படையாகச் சொன்னார், பிற பெண்கள் தப்பவேண்டும் என்பதற்காக. எல்லோரும் தப்பவில்லை. கிறிஸ்டி ஹென்ரிச் என்ற மற்றோர் அமெரிக்க வீராங்கனை, உண்ண மறுக்கும் நோயால் நலிந்து 1994இல் மாண்டார். வயது 22.

1972இல் மியூனிக் ஒலிம்பிக். ரிக்பியின் மீது நாடே கண் வைத்திருந்தது. தனியாள் வரிசையிலே 10ஆவது இடம். அமெரிக்கப் பெண் எவரும் அதுவரை எட்டாத இடந்தான் அது. ஆனால் பதக்கம் இல்லை. ஓல்கா கோர்புட் என்ற சோவியத் சிறுமி உலகத்தின் உள்ளத்தைக் கொள்ளையடித்துச் சென்ற ஆண்டு அது. ரிக்பி களத்தை விட்டு விலகினார். வயது இருபதுகூட நிறையவில்லை. அந்த வயதிலே ஒருத்தி ‘முன்னாள்’ ஆகிவிட்டாள்! நம் நாட்டிலே அந்த வயதில் பெண்ணை மணையிலே அமர்த்தி ‘இன்னாரின் மனைவி’ ஆக்குவர். அங்கே ‘முன்னாள் வீராங்கனை’ ஆக்கினர். அவரும் மணம் புரிந்துகொண்டார், விளம்பரங்களில் தோன்றினார், தொலைக்காட்சியிலே விளையாட்டு வருணனையாளராகப் பல ஆண்டுகள் பணி செய்தார், சில திரைக்கதைகளில் நடித்தார். நோயோ உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

1974இல் ஓர் அழைப்பு வந்தது. பெரிய அரங்குகளில் நடத்தப்பெறும் ‘பீட்டர் பான்’ நாடகத்திலே தலைவன் வேடம். வளர மறுக்கும் சிறுவனின் கதை, ஜே. எம். பேரி எழுதி 1904இல் லண்டனில் அரங்கேறியது. அந்தச் சிறுவனாக முதன்முதலில் நடித்தவரும் ஒரு பெண்ணே. அந்த மரபு தொடர்ந்தது. நமது பழைய நாடகக் கம்பெனிகளில் ஆண்பிள்ளைகள் புடவை கட்டி ‘ஸ்திரீபார்ட்’ ஆடியது போல, அங்கே பெண்கள் ஆண்பிள்ளை வேடம் கட்டினர். சிறுவன் பறக்கவேண்டும். கம்பியிலே தொங்கிக் காற்றில் கரணமடிக்க ஒலிம்பிக் வீராங்கனையைவிடத் தகுந்தவர் யார்? ஆகவே அழைத்தனர். பேச்சும் பாட்டும் முன்னரே ஒலிநாடாவில் பதிந்திருந்தன, அம்மையார் பறந்தார், நாடாவுக்கு வாயசைத்தார்.

பார்த்தீர்களா? கட்டையிலே மூடியிருந்த வாய், கம்பியிலே திறந்தது. திறந்தும் ஒலி வரவில்லை. பின்னணிப் பாட்டுக்கு வாயசைக்கும் நடிகையரைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பல்ல. வாயசைப்பதும் ஒரு கலைதான். அதை நாம் பழிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது போதவில்லை என்பதே நாம் சொல்ல வந்த செய்தி. வித்தை காட்டும் உடல் தம்மிடம் உண்டு. பாடும் குரல் தம்மிடம் உண்டா? இந்தக் கேள்வியோடு அவர் பாட்டு ஆசிரியரிடம் போனார். நடிப்பு ஆசிரியரிடமும் போனார். சில மாதங்கள் அல்ல, பல ஆண்டுகள்.

உலக மேடையிலே நின்ற ஒருத்தி, அரிச்சுவடி படிக்கும் பிள்ளையாக மறுபடியும் கீழே அமர்ந்தார் என்றால் அதை எளிதாக எண்ணிவிடாதீர்கள். அதிலும், வித்தைக்காரியின் உடல் பாடகியின் உடலுக்கு நேர் எதிரி. கட்டையின்மேல் கரணமடிப்பவர் வயிற்றை இறுக்கிக் கொள்வார். மூச்சைப் பிடித்துக் கொள்வார். தோளும் கழுத்தும் வில்லாய் விறைத்து நிற்கும். பாடுபவரோ வயிற்றைத் தளர்த்தவேண்டும், உதரவிதானம் இறங்க இடம்விடவேண்டும், கழுத்து இளகவேண்டும், உள்ளே போன மூச்சைச் சிறுகச் சிறுகச் செலவிடவேண்டும். பத்தாண்டுகள் இறுகிய உடலுக்கு ‘இளகு’ என்று கற்பிப்பது, இளகிய உடலுக்கு ‘இறுகு’ என்று கற்பிப்பதைவிடக் கடினம். உணவைக் கண்டே அஞ்சிய வயிறு அது. அந்த வயிற்றிலிருந்துதான் பாட்டு எழவேண்டும். இசைப்பயிற்சிதான் நோயைத் தீர்த்தது என்று நாம் மந்திரக்கதை சொல்லப் போவதில்லை. நோய்க்கு மருத்துவம் வேண்டும், துணை வேண்டும், காலம் வேண்டும். மூன்றும் அவருக்குக் கிடைத்தன. முதல் மணம் முறிந்து, 1982இல் டாம் மெக்காய் என்பாரை மணந்தார். அவர் உற்ற துணையாயிருந்தார் என்று அம்மையார் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆனால் நோயினின்று மீண்ட காலமும் குரல் முதிர்ந்த காலமும் ஒன்றையொன்று தொட்டு வந்தன என்பது உண்மை. 1981இல், 28ஆம் வயதில், ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ இசை நாடகத்திலே டாரதியாகத் தம் சொந்தக் குரலிலே பாடி நடித்தார்.

இங்கே ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். எங்கள் தெருப்பெண், கபடி ஆட்டக்காரி, மாவட்ட அணிவரை போனவள். சென்ற ஆண்டு முழங்காலில் தசைநார் கிழிந்தது. இனி ஆட்டம் வேண்டாம் என்றார் மருத்துவர். வீட்டார் அதற்கென்றே காத்திருந்தவர்கள் போல மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டனர். “ஐயா, எனக்குத் தெரிந்தது இந்த உடம்பு ஒன்றுதான், அதுவே போன பின்பு நான் யார்?” என்று நம்மிடம் கேட்டாள். 24 வயதுப் பெண்ணின் வாயிலே கிழவியின் கேள்வி! நாம் அறிவுரை சொல்லவில்லை. அறிவுரைக்கு இந்த நாட்டிலே பஞ்சமா? ரிக்பியின் ‘பீட்டர் பான்’ பதிவு, 2000ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்தது. அதைப் படிப்பகத்திலே போட்டுக் காட்டினோம். எல்லோரும் பறப்பதைக் கண்டு கைதட்டினர். அவள் தட்டவில்லை. முடிந்தபின் சொன்னாள்: “பறந்தது பெரிதில்லை ஐயா. அது அவருக்குத் தெரிந்த வேலை. பாட்டு வகுப்புக்கு முதல் நாள் போனாரே, அதுதான்.” இப்போது ஞாயிறுதோறும் ஒரு கலைக்குழுவிலே பறை கற்கிறாள். அடி இன்னும் ஒழுங்காக விழவில்லை என்கிறாள். தகப்பனார் முணுமுணுக்கிறார். மாப்பிள்ளை பார்க்கும் படலம் நின்றபாடில்லை.

அந்த நாடகத்துக்கு வருவோம். 1954இல் மேரி மார்ட்டின் நடிக்க இசை நாடகமாக நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேறிய வடிவம் அது. அதையே ரிக்பி எடுத்துக்கொண்டார். 1990ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள், தம் 38ஆம் பிறந்தநாளின் மறுநாள், பிராட்வேயின் லண்ட்-ஃபாண்டேன் அரங்கிலே ஏறினார். 16 ஆண்டுகளுக்கு முன் நாடாவுக்கு வாயசைத்த அதே வேடம். இம்முறை தம் குரல். மறு ஆண்டு, இசை நாடகத்தின் சிறந்த நடிகைக்கான டோனி விருதுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. விருது ‘மிஸ் சைகான்’ நாடகத்தில் பாடிய பிலிப்பைன்ஸ் நங்கை லியா சலோங்காவுக்குச் சென்றது. சரியாகவே சென்றது என்பது நம் எண்ணம். ரிக்பியின் குரல் குயிலின் குரல் அல்ல. கணீரென்றிருக்கும்; சற்றே முரடு; உச்சத்திலே ஓடி ஏறும் பையனின் குரல். அந்த வேடத்துக்கு அதுவே பொருத்தம். குயிலாயிருந்தால் கெட்டிருக்கும்.

பறப்பதைப் பற்றி நம் தோழர்கள் அன்றிரவு கேட்ட கேள்விகள் சுவையானவை. கதையிலே பறப்பதற்குத் தேவதைப் பொடி வேண்டும். இன்ப நினைவு வேண்டும். மேடையிலே வேண்டியது என்ன? இடுப்பை இறுக்கும் ஒரு கச்சை. மெல்லிய எஃகுக் கம்பி. திரைக்கு அப்பால் ஆட்கள். ஒருவர் கயிறு இழுத்தால் நடிகை மேலே எழுவார். மற்றொருவர் இழுத்தால் பக்கவாட்டில் செல்வார். இருவரும் ஒத்து இழுத்தால் வளைந்து பறப்பார். பீட்டர் ஃபாய் என்ற ஆங்கிலேயர் 1950இல் அமெரிக்கா சென்று இந்த நுட்பத்தை வளர்த்தார். 1954 நாடகத்திலும் பறக்கும் ஏற்பாடு அவருடையதே. கயிறு இழுப்பவரின் கணக்கு ஒரு நொடி பிசகினாலும் நடிகை தூணிலே மோதுவார். இறுக்கிய கச்சைக்குள் மூச்சு திணறும். அந்தத் திணறலோடு, தலை சுழன்று இறங்கிய நொடியிலே, சுருதி விலகாமல் பாட்டின் அடுத்த அடியை எடுக்கவேண்டும். வித்தைக்காரியின் இறுக்கமும் பாடகியின் இளக்கமும் ஒரே உடலிலே, ஒரே நொடியிலே! அமெரிக்கன் கம்பியைக் கட்டி நுழைவுச்சீட்டு விற்கிறான். பார்ப்பவருக்கும் கம்பி உண்டென்று தெரியும். இங்கே அதே கம்பி கிடைத்தால் சிலர் அதை மறைத்துவைத்து, ‘அருள்’ என்று சொல்லி, அருகிலே ஓர் உண்டியலையும் வைத்துவிடுவார்கள்.

ஒரு கட்டத்திலே நஞ்சுண்ட தேவதை சாகக் கிடக்கிறாள். தேவதைகள் உண்டென்று நம்புவோர் கைதட்டுங்கள், அவள் பிழைப்பாள் என்று பீட்டர் அவையோரைக் கெஞ்சுகிறான். அரங்கம் அதிரக் கைதட்டல். நம் கோபக்காரத் தோழர் எழுந்து, “இதுதான் மூடநம்பிக்கை!” என்றார். நாம் சிரித்துவிட்டோம். அந்தத் தட்டலுக்குப் பின்னே தட்சணை இல்லை. தட்டாதவனைத் தள்ளி வைக்கும் சாதியும் இல்லை. அரங்கத்தை விட்டு வெளியேறும்போது எந்தக் குழந்தையும் தேவதைக்குக் கோயில் கட்டவில்லை. கற்பனை வேறு, கபடம் வேறு. ஆனால் தோழர் சினக்க வேண்டிய இடம் அந்த நாடகத்திலே வேறொன்று இருக்கிறது. அதை அவர் விட்டுவிட்டார். அமெரிக்க மண்ணின் மைந்தர்களை, ‘சிவப்பு இந்தியர்’ என்று இழிபெயரிட்டு, பொருளற்ற ஒலிகளைப் பேசும் விந்தைப் பிராணிகளாகக் காட்டும் பகுதி மூலநாடகத்திலே உண்டு. நிலத்தையும் பறித்து, நாவையும் பறித்து, பின்பு நாடகத்திலே கோமாளியும் ஆக்குவது! ரிக்பியின் பதிவிலே அந்தக் காட்சி, மேளங்களை மாற்றி மாற்றி அடித்து ஆடும் ஆட்டமாக உருமாறியிருக்கிறது, ஆட்டம் அருமை. ஆயினும் கறை முழுவதும் போயிற்று என்று நாம் சான்றிதழ் தர முடியாது. நாம் போற்றுபவரையும் இதற்காகக் கேட்கத்தான் வேண்டும்.

மற்றவற்றை விரைந்து சொல்லிவிடலாம். துப்பாக்கி வீராங்கனை ஆனி ஓக்லியின் கதையான ‘ஆனி கெட் யுவர் கன்’ நாடகத்திலும் அவர் பாடி நடித்தார். கணவரோடு சேர்ந்து நாடகத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றை நிறுவினார். கலிஃபோர்னியாவின் லா மிராடா நகர அரங்கிலே ஆண்டுதோறும் நாடகங்களை அரங்கேற்றினார். நான்கு பிள்ளைகளின் தாய். பறக்கும் வேடத்துக்கு விடை சொல்லிவிட்டதாக ஒருமுறைக்கு மேல் அறிவித்தார். ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தார். 1991, 1998, 1999 ஆகிய ஆண்டுகளிலே பிராட்வே மறுபடியும் அவரைக் கண்டது.

இது குறித்துப் படிப்பகத்திலே ஒரு சிறு விவாதம் எழுந்தது. வளர மறுக்கும் சிறுவனாக நடிப்பதையே வாழ்நாள் தொழிலாக்கியவரை மாற்றத்தின் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு காலத்திலே, வளரலாகாது என்று அவருடைய உடலுக்கே கட்டளையிட்டார்கள். அவர் ஏறக்குறைய செத்தார். பின்னர், வளராத பிள்ளையாக நடிப்பதை வளர்ந்த பெண்ணாக இருந்து, தானே தேர்ந்து, தன் குரலிலே, ஊதியம் பேசிச் செய்தார். வேடம் ஒன்றே, வேடம் கட்டியவர் வேறு. கேட்டவர் முழுதும் ஒப்பவில்லை. தேநீர் வந்ததும் பேச்சு நின்றது.

2011இல் மீண்டும் நாடு முழுவதும் சுற்றுப்பயணம் புறப்பட்டார். 2013இல் அது முடிவுற்றபோது அவருக்கு வயது 60. அந்தக் கடைசி ஆண்டிலும் இடுப்பிலே கச்சை கட்டி, கம்பியிலே எழும்பி, அவையோரின் தலைக்கு மேலே பறந்து, பாடிக்கொண்டே இறங்கினார்.